பாட்டுக் கேட்டுக்கிட்டே செய்றதுதானே

அத்தை அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் அங்கேயே ஒன்று சொல்லிவிட்டு அன்று ராத்திரியே மறந்திருப்பேன். காபியை ஆற்றிக்கொண்டே, பாசமாக, என் தலையைக் கூடத் தடவிக்கொண்டு சொன்னார்: "நாலாயிரத்து ஐந்நூறா? ஏம்மா, வெளியாளுக்குச் சொல்ற மாதிரி சொல்ற. நீ சும்மா வீட்டுல உக்காந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே செய்றதுதானே."

2025 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. அத்தை மகளுக்குத் தைக் கடைசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்கான ப்ளவுஸ் பிட், அரக்கு நிறப் பட்டு, டெய்லர் அளவெல்லாம் மார்க் பண்ணிக் கொடுத்தது, மஞ்சள் பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அதில் நான் ஆரி எம்பிராய்டரி போட வேண்டும்: கழுத்தைச் சுற்றிக் கொடி, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு அன்னம், நடுவில் குந்தன் கல். அடுத்த ஞாயிறு வேண்டும், டெய்லர் அவசரப்படுத்துகிறார் என்றார். நான் 3,000 என்று இறங்கி வந்தேன். ஏன் இறங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடையில் கேட்டால் அத்தை 6,000 கொடுத்திருப்பார், அதுவும் முன்பணத்தோடு.

அந்த 1,500 ரூபாயை விட அந்த வாக்கியம்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை. நான் வீட்டில்தான் இருக்கிறேன். உட்கார்ந்துதான் செய்கிறேன். பாட்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த 'சும்மா'வைத் தவிர மற்றதெல்லாம் சரி. பாட்டு ஓடுகிற இடத்தில் நடப்பது வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது போல. எங்கள் பக்கம் நாற்று நடும்போது பெண்கள் பாடாத பாட்டா? பாடினார்கள் என்று யாராவது கூலியில் பிடித்தார்களா? (பிடித்திருப்பார்களோ என்னவோ, சொல்ல முடியாது.)

திங்கட்கிழமை போகி. காலையில் ரேஷன் கடை வரிசை, ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு. கரும்பை வண்டியில் குறுக்காக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போட்டுவிட்டு, அப்படியே தஞ்சாவூர்க் கீழவாசலில் மஞ்சள் கொத்து, பானை. அங்கிருந்து அய்யங்கடைத் தெருவில் நூல். ஆரி வேலையில் யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம் இந்த நூல் வாங்குவதுதான். கடைக்குள் ட்யூப்லைட்டில் அச்சு அசலாகப் பொருந்துகிற அரக்கு, வெளியே வெயிலில் வந்தால் கத்தரிப்பூவாக நிற்கும். கடைக்காரருக்கு என்னைத் தெரியும், நான் துணியையும் நூல் கண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனால் கூப்பிட மாட்டார். போகிக் கூட்டத்தில், கரும்புக் கட்டு என் முதுகில் இடிக்க, நடுத்தெருவில் நின்று இரண்டு அரக்கை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல், ஜரி, சர்தோசி என்கிற சுருள் ஜரிகைக் கம்பி, சுகர் பீட்ஸ், குந்தன் எல்லாம் சேர்த்து 700 ரூபாய். அத்தையின் கணக்கில் இந்த 700ம் பாட்டோடு சேர்ந்தது.

சாயங்காலம் ட்ரேஸிங். பட்டர் பேப்பரில் படத்தை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தி, அதைத் துணி மேல் வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்க்க வேண்டும். பேப்பரை எடுத்தால் துணியில் வெள்ளைப் புள்ளிகளாகப் படம் இறங்கியிருக்கும். வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அந்தப் பக்கம் போளிக்குப் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது, மிக்சி ஓடுகிறது, வாசலில் கேஸ்காரர் மணி அடிக்கிறார், மகள் கரும்பை எப்போது வெட்டுவது என்று பத்தாவது தடவை கேட்கிறாள். இந்த நேரத்தில் பாட்டு எதுவும் ஓடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அன்னம் திரும்பிய கதை

பொங்கலன்று ஒரு மணி நேரம்தான் உட்கார முடிந்தது. அந்த ஒரு மணியிலும் மகள் சுகர் பீட்ஸ் டப்பாவைத் தட்டிவிட்டாள். கடுகைவிடச் சின்ன மணி, எத்தனை ஆயிரம் என்று யாருக்குத் தெரியும், கூடத்துத் தரை முழுக்க. துடைப்பம் போட்டால் தூசியோடு போய்விடும். நானும் அவளும் ஈரத்துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். பண்டிகை நாளில் குழந்தையைத் திட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், அவளுக்கோ அது அன்றைய விளையாட்டுகளிலேயே நல்ல விளையாட்டு.

மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்காரரும் மகளும் அவருடைய ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அப்பாவும். அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆனால் உள்ளுக்குள் அவர் எப்போதும் சங்கீதக்காரர். சின்ன வயதில் ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, மேடைக்குப் போகாமல் நின்றுவிட்டவர். எனக்கும் பத்து வயதிலிருந்து கற்றுக் கொடுத்தார். கல்யாணம், குழந்தை என்று நான் விட்டுவிட்டேன், அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த வாரம் திருவையாற்றில் தியாகையர் ஆராதனை. 2025இல் பொங்கலன்றே தொடங்கியது, சனிக்கிழமை பகுள பஞ்சமி, அவர் சமாதியடைந்த திதி. அப்பா போனில் நேரலையைப் போட்டு அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் ஜன்னல் ஓரத்தில் ஃப்ரேமோடு. ஆரி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஊசி நுனியில் சின்னக் கொக்கி இருக்கும், நூல் துணிக்கு அடியில் இடது கையில். ஊசியை மேலிருந்து இறக்கி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி, ஊசியை அரைத் திருப்பு திருப்பி மேலே இழுத்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்தது. இழுத்துக் கட்டிய துணியில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தானாகவே போய்ப் பாட்டின் காலப்பிரமாணத்தில், அதன் வேகத்தில், உட்கார்ந்துகொள்ளும், நான் உட்கார வைப்பதில்லை. மெதுவான விளம்ப காலத்தில் போட்ட சங்கிலி ஒரே சீராக இருக்கும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் ஓடும்போது போட்டதைப் பார்த்தால் எனக்கே தெரியும், தையல் பொடிசாகி இறுகியிருக்கும். மணி கோக்கும்போது மூன்று மூன்றாக எண்ண வேண்டும், அப்போது சாகித்தியம், அதாவது பாட்டின் வார்த்தை, காதில் விழுந்தால் எண்ணிக்கை தப்பும். அதனால் எண்ணுகிற வேலைக்கு வார்த்தையில்லாத ஆலாபனை, எண்ணாத வேலைக்குப் பாட்டு. இந்த ஏற்பாடு எனக்கும் என் கைக்கும் மட்டும் தெரியும். (எப்போதும் கர்நாடக சங்கீதம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இடம் நிரப்புகிற லோட் ஸ்டிச்சுக்கு எண்பதுகளின் சினிமாப் பாட்டுக்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது.)

ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டாவது கையின் அன்னத்தில் கழுத்து வரை வந்த பிறகு, சும்மா அழகு பார்க்கலாம் என்று இரண்டு கைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு அன்னமும் ஒரே திசையைப் பார்த்தன. ஒரு கைக்கு வரைந்த பேப்பரை மறு கைக்குத் திருப்பிப் போட வேண்டும், நான் போடவில்லை. தைத்துப் போட்டுக்கொண்டால் ஒரு அன்னம் முன்னால் வருகிற மாப்பிள்ளையைப் பார்க்கும், இன்னொன்று பின்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்க்கும்.

ஆரித் தையலைப் பிரிப்பது மட்டும் சுலபம். கடைசி வளையத்தை அவிழ்த்து நூலை இழுத்தால் போதும், மூன்று மணி நேர வேலை மூன்று நிமிஷத்தில் சரசரவென்று வந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அப்பா திரும்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அன்னத்தையே பார்த்துவிட்டு, "அதான் ஆயி, ஊசில கண்ண வச்சுக்கிட்டுக் கேக்கறதெல்லாம் கேள்வியே ஆகாது. கையும் ஒழுங்கில்ல, காதும் ஒழுங்கில்ல பாரு" என்றார்.

சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ட்ரேஸிங் போட்டபோது ஓடியது மிக்சிதான் அப்பா, கச்சேரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், மண்ணெண்ணெய் தொட்டு வெள்ளைத் தடத்தைத் துடைத்து, ஊசி போன ஓட்டைகளை நகத்தால் மெல்லத் தேய்த்து மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை சொன்னது, பாட்டு ஓடியதால் இது வேலை இல்லை. புதன்கிழமை அவருடைய அண்ணன் சொல்வது, வேலை ஓடியதால் இது பாட்டு இல்லை. அண்ணன் தங்கை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் என் கையில் கடைசியில் மிஞ்சுவது என்ன?

கை சும்மா இருந்த நாள்

வியாழனும் வெள்ளியும் ஆறு ஆறு மணி நேரம் உட்கார்ந்தேன். அப்பா போனை அவர் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் தப்பில்லாமல் போடட்டும் என்ற நல்ல எண்ணத்தில். அந்த இரண்டு நாளும் பாட்டில்லாமல் போட்ட கொடி நன்றாகத்தான் வந்தது, ஆனால் முதுகு வலித்தது. முதுகு எப்போதும் வலிக்கிறதுதான், அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை அப்பா திருவையாற்றுக்குத் தனியாகவே போய்வருகிறேன் என்றார். முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் எப்படி விடுவது? கழுத்தில் இன்னும் ஒரு சாண் பாக்கி. துணியைப் போர்த்தி வைத்துவிட்டு, இருட்டோடு கிளம்பிப் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்தோம். எனக்கு டிக்கெட் இல்லை, அப்பாவுக்கு மட்டும் எடுத்தோம். பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகள். அப்பா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வருவார், என் ஐந்து வயதிலிருந்து சொல்கிறார்.

உள்ளே போவதற்கு முன்னால் பெங்களூரு நாகரத்தினம்மாள் சமாதிப் பக்கம் ஒரு கும்பிடு போடுவது எங்கள் வழக்கம். தன் நகைகளை விற்று, தியாகையருக்கு இங்கே கோயில் எழுப்பியவர். அவர் கட்டிய இடத்திலேயே பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். பெண்களைத் திரட்டித் தனி கோஷ்டியாகப் பாட வைத்துத்தான் அந்த உரிமையை வாங்கினார். 1952இல் இறந்த பிறகு, தியாகையர் சன்னதியைப் பார்த்தபடியே அவருக்கும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் தெரிந்த கதைதான். அந்த வருஷம் அங்கிருந்து நகரக் கொஞ்சம் நேரமானது.

பந்தலில் எங்களுக்குத் தூரமாகத்தான் இடம். வித்துவான்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பஞ்சரத்னத்துக்கு, அதாவது ஐந்து ராகங்களில் தியாகையர் செய்த ஐந்து கிருதிகளுக்கு, முன்னால் புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து பைரவியில் 'சேதுலாரா' வாசிப்பார்கள். குழலில் வார்த்தை இல்லையே, அதனால் அப்பா வழக்கம்போல என் காதருகே குனிந்து அர்த்தம் சொன்னார்: "ராமா, என் கையார உனக்கு அலங்காரம் செஞ்சு பாக்கறேன்." சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கண்ணார, வாயார, மனசார எல்லாம் நாம் தினமும் சொல்கிறோம், கையார என்பதை எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நாட்டை ராகக் கிருதி தொடங்கியது. ஆயிரம் குரல் ஒன்றாக எழும்போது மயிர்க்கூச்செறியும் என்பார்கள், எறிந்தது. ஆனால் இரண்டாவது சரணத்துக்குள் நான் எங்கோ போய்விட்டேன். மூடி வைத்த துணியில் எறும்பு ஏறியிருக்குமோ, வீட்டுக்காரர் வரும்போது தயிர் வாங்கி வருவாரோ, மகளுக்கு விடுமுறைக் கட்டுரை பாக்கி. கௌளை முழுக்க இதே கதை. கையை மடியில் வைத்து, கண்ணை மூடி, அப்பா சொன்ன மாதிரியே ஒழுங்காகக் கேட்க உட்கார்ந்தேன், ஒரு வரி உள்ளே போகவில்லை. பக்கத்தில் பார்த்தால் அப்பாவின் கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, தட்டு, விரல், வீச்சு என்று ஒரு எண்ணிக்கை பிசகாமல். அவர் கை மட்டும் எங்கே சும்மா இருக்கிறது?

ஆரபி வந்தபோது என் வலது கை தானாக எழுந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஊசியைப் பிடித்துக்கொண்டது. இறக்கம், அரைத் திருப்பு, ஏற்றம். புடவைத் தலைப்புக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். தயிர் மறந்துபோனது.

அடுத்தது வராளி. வராளியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், குரு சிஷ்யருக்கு நேராகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அப்பா மற்ற மூட நம்பிக்கைகளைக் கேலி செய்வார், இதை மட்டும் செய்ய மாட்டார். பஞ்சரத்னத்தில் மற்ற நாலையும் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வராளியை மட்டும் விட்டுவிட்டார். ஆகவே எனக்கு வராளி தெரியாது, அவர் கணக்குப்படி. ஆனால் ஆரபியின் கடைசியில் ஓடிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை, கையோடு வாயும் திறந்துகொண்டது. பல்லவி, அனுபல்லவி, பிறகு ஸ்வரம், அதற்கான சாகித்தியம். தெலுங்கு வார்த்தைகளில் பாதி என் சொந்தத் தயாரிப்பு, அது வேறு விஷயம். அடுத்தடுத்த சரணங்கள் எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்தது, எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தது. நாலாவதா ஐந்தாவதா சரணத்தில் அப்பாவின் தாளம் நின்றது. என் ஞாபகத்தில் அவர் பாதியில் தாளத்தை நிறுத்தியதே கிடையாது. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிவிடலாமா என்று இருந்தது, மூடவில்லை.

ஸ்ரீராகம் முடிந்து, கூட்டம் கலைந்து, மகளுக்கு அசோகா அல்வா வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரும்வரை அவர் எதுவும் பேசவில்லை. காவிரிப் பாலத்தில் ஆற்றின் பெயரும் சொல்லவில்லை. குடமுருட்டி தாண்டும்போதுதான் கேட்டார்.

"உனக்கு வராளி யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லப்பா. ரேடியோ, போன், இப்படித்தான்."

"எப்ப உக்காந்து கேட்ட?"

"சர்தோசி வெட்டும்போது."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்டாறு போனது. வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது, "அஞ்சாவது சரணத்துல ஒரு எடம் தப்பு" என்றார்.

"எந்த எடம்?"

"அத நான் எப்படிச் சொல்றது? வராளியாச்சே."

பின் சீட்டில் இருந்த அம்மா என்னவோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டு முடித்து நான் ஃப்ரேம் முன்னால் உட்கார்ந்தபோது, போன் பழையபடி கூடத்து அலமாரியில் சாய்ந்திருந்தது. பாக்கியிருந்த ஒரு சாண் கொடியை ஒரு தோடியிலும் ஒரு மோகனத்திலும் முடித்தேன்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்னங்களின் கொண்டையில் விரலை வைத்து, "அச்சு மாதிரி இருக்கும்மா" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. பேசியபடி 3,000 கொடுத்தார், நானும் பேசியபடி வாங்கிக்கொண்டேன். முதல் நாள் ராத்திரியே கணக்குப் போட்டிருந்தேன்: அன்னத்தைப் பிரித்த நேரத்தைச் சேர்க்காமல் 26 மணி நேரம். சாமான் 700 போக 2,300. மணிக்கு 88 ரூபாய். பேசிவிட்டோம், பேசினது பேசினதுதான், உறவில் அதை மாற்றக்கூடாது.

காபி குடித்து முடித்ததும் அத்தை பைக்குள் கையை விட்டு இன்னொரு பிட்டை எடுத்தார். கிளிப்பச்சை. ரிசப்ஷனுக்கு. இதே மாதிரி, கழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசா.

"இதுக்கு நாலாயிரத்து ஐந்நூறு அத்தை" என்றேன்.

அத்தை வாயைத் திறந்தார். அடுத்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் முந்திக்கொண்டேன். "அது பாட்டுக் கேட்டுக்கிட்டே செய்யற ரேட்டு. பாட்டு இல்லாமச் செய்யணும்னா முதுகு வலிக்கும், ஆறாயிரம் ஆகும்."

அத்தை அப்பாவைப் பார்த்தார். "என்னண்ணே, உம் பொண்ணு இப்படிப் பேசறா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெல சரியாத்தான் சொல்றா" என்றார்.

அத்தை கிளிப்பச்சையை மடியில் வைத்து இரண்டு தடவை நீவிவிட்டார். மனசுக்குள் என்ன கூட்டினாரோ, என்ன கழித்தாரோ.

"சரி, பாட்டோடவே போடு" என்றார்.